ஜெனீவா கவுன்சிலுக்கு ‘அன்னபோஸ்ட்’ தேர்தல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

‘பாலுக்குப் பூனை காவலா?’ என்ற தலைப்பில் தங்கள் நாளிதழில் வந்த வாசகர் கடிதம் குறித்து இதை எழுதுகிறோம். சொந்த மக்களை வதைக்கும் அரசுகள் ஐ.நா.வின் மனித உரிமை அமைப்புகளில் தலைமை ஏற்பதைக் கண்டித்த கடிதம் அது. கோபம் நியாயமானதே. ஆனால் பூனையைத் திட்டியதோடு கடிதம் முடிந்துவிடுகிறது. உறியைத் தாழக் கட்டியது யார் என்று அது கேட்கவில்லை. கட்டியவர்களில் நல்ல பெயர் எடுத்த ஜனநாயக நாடுகள் நிறைய உண்டு. நம் நாடும் அதில் சேர்த்தி.

நீலகிரிக்கு இது வெளிநாட்டுச் செய்தி அல்ல. 1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையின் மலையகத் தமிழரை 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலையை எண்ணிப் பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பங்கு போட்டார்கள். அப்படி வந்தவர்களுக்கு வேலை தர 1968-ல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்களைத்தான் இன்று டான்டீ என்கிறோம். சேரம்பாடி, தேவாலா, நெல்லியாளம் பக்கத்து லைன் வீடுகளில், ஐ.நா. மனித உரிமை கவுன்சில் ஜெனீவாவில் கூடி இலங்கையைப் பற்றிப் பேசும் மார்ச் வந்தால், ‘ஜெனீவாவுல என்ன ஆச்சு?’ என்று கேட்பவர்கள் அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். அவர்களுக்குச் சரியான பதில் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமான கடிதம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர்க் குழப்பம். ‘ஐ.நா. மனித உரிமை ஆணையம்’ என்று எல்லாவற்றுக்கும் பொதுவாக எழுதிவிடுகிறோம். ஆணையம் 1946-ல் தொடங்கி 2006-ல் கலைக்கப்பட்டுவிட்டது. கடைசிக் காலத்தில் அதில் 53 நாடுகள் இருந்தன. அதன் இடத்துக்கு வந்தது 47 நாடுகள் கொண்ட மனித உரிமை கவுன்சில். மனித உரிமைக் குழு என்பது இன்னொன்று: குடிமை, அரசியல் உரிமை உடன்படிக்கையைக் கண்காணிக்கும் 18 நிபுணர்கள். உயர் ஆணையர் அலுவலகம் என்பது சம்பளம் வாங்கும் ஐ.நா. அதிகாரிகள். சீனாவின் ஷின்ஜியாங் பற்றிய அறிக்கையை 2022 ஆகஸ்ட் 31-ல் வெளியிட்டது உயர் ஆணையர் அலுவலகம். அந்த அறிக்கையைப் பற்றி விவாதமே வேண்டாம் என்று அக்டோபர் 6-ல் ஓட்டுப் போட்டது கவுன்சில். இரண்டையும் ‘ஐ.நா.’ என்று ஒரே சொல்லில் எழுதினால் வாசகர் என்ன புரிந்துகொள்வார்?

தலைமைப் பதவிகளிலும் எது கனமானது, எது அலங்காரம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 2023 நவம்பர் 2, 3 தேதிகளில் நடந்த சமூக மன்றத்துக்கு ஈரான் தூதர் தலைமை தாங்கியபோது உலகமே சத்தம் போட்டது. இரண்டு நாள் கூட்டம் அது. யாரையும் கட்டுப்படுத்தும் தீர்மானம் போடும் அதிகாரம் அதற்குக் கிடையாது. முக்காடு விலகியதற்காகப் பெண்களைப் பிடித்து அடைக்கும் அரசு அந்த மேடையில் உட்கார்ந்தது அருவருப்பு, ஆனாலும் மேடைதான். பெண்கள் நிலை ஆணையத்தின் 69-ஆவது கூட்டத்தொடருக்கு 2024 மார்ச் 27-ல் சவூதி அரேபியா தலைவரானதும் இதே ரகம். அங்கே நாம் கவனிக்க வேண்டியது வேறு: அந்த ஆணையத்தில் 45 நாடுகள். எதிர்த்து நிற்க ஒரு நாடு வரவில்லை, ஆட்சேபம் சொல்லவும் ஒரு நாடு எழவில்லை. இத்தனைக்கும் 2022 டிசம்பர் 14-ல் இதே ஆணையத்திலிருந்து ஈரானை, மேல் அமைப்பான பொருளாதார, சமூக கவுன்சில் 29-க்கு 8 என்ற ஓட்டில் வெளியேற்றியிருந்தது. 16 நாடுகள் நடுநிலை, இந்தியா உட்பட. மனம் வைத்தால் முடியும் என்பது பதினைந்து மாதத்துக்கு முன்பே தெரிந்த கதை.

சத்தமில்லாமல் கிடக்கும் கனமான பதவி ஐவர் குழுவுடையது. சித்திரவதை, கருத்துரிமை, வீட்டு வசதி, நவீன அடிமை முறை என ஒவ்வொரு பொருளுக்கும், மியான்மர், எரித்ரியா போன்ற சில நாடுகளுக்கும் சிறப்பு அறிக்கையாளர்கள் இருக்கிறார்கள். சம்பளம் கிடையாது, அதிகபட்சம் ஆறு ஆண்டு. இவர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை 2007 ஜூனில் கவுன்சில் நிறைவேற்றிய 5/1 எண் தீர்மானம் வகுத்தது. விண்ணப்பங்கள் வந்ததும் ஐந்து வட்டாரங்களிலிருந்து வட்டாரத்துக்கு ஒருவராக ஐந்து தூதர்கள் உட்கார்ந்து சலிப்பார்கள், நேர்காணல் நடத்துவார்கள், கூட்டத்தொடருக்கு ஒரு மாதம் முன்பே பெயர்ப் பட்டியலைக் கவுன்சில் தலைவரிடம் கொடுப்பார்கள். தலைவர் அந்த வரிசையை மீறலாம். மீறினால் காரணம் சொல்ல வேண்டும். பிறகு கவுன்சிலின் ஒப்புதல். 2015-ல் இந்தக் குழுவின் தலைவர் சவூதி தூதர். 2020-ல் சீனப் பிரதிநிதி அதில் உறுப்பினர்.

இங்கே கெடுதல் எப்படி நடக்கும்? யாரையும் வெளிப்படையாகத் தள்ள வேண்டியதில்லை. ‘அனுபவம் போதாது’, ‘வட்டாரச் சமநிலை பார்க்க வேண்டும்’ என்று இரண்டு வரி போதும். கறாராக எழுதக்கூடியவர் பட்டியலில் நான்காவது இடத்துக்கு இறங்கிவிடுவார். தேயிலை ஃபேக்டரியில் சலிப்பு ஓட்டுபவருக்கு இது சட்டென்று விளங்கும். சல்லடைக் கண்ணை மாற்றிவிட்டால் எந்தத் தூள் எந்த மூட்டைக்குப் போகிறது என்பதும் மாறிவிடும். இலையில் கை வைக்கவே வேண்டாம்.

அதைவிடக் கனமானது நியூயார்க்கில் இருக்கிறது. அரசுசாரா அமைப்புகளுக்கான குழு என்று பெயர்; 19 நாடுகள், நான்கு ஆண்டுப் பதவி. ஒரு தொண்டு நிறுவனம் ஜெனீவா அரங்கில் மைக் பிடித்துப் பேச வேண்டுமானால் ‘ஆலோசனைத் தகுதி’ வேண்டும். அதைப் பரிந்துரைப்பது இந்தக் குழு. நிராகரித்தால் செய்தியாகிவிடும் என்பதால் பெரும்பாலும் நிராகரிக்க மாட்டார்கள், கேள்வி கேட்பார்கள். ஒரு கேள்வி போட்டாலே விண்ணப்பம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும். பதில் கொடுத்தால் அங்கே இன்னொரு கேள்வி காத்திருக்கும். டென்மார்க்கிலிருந்து இயங்கும் சர்வதேச தலித் ஒற்றுமை வலையமைப்பு 2007-ல் விண்ணப்பித்தது. தகுதி கிடைத்தது 2022 டிசம்பரில், அதுவும் மேல் அமைப்பான பொருளாதார, சமூக கவுன்சிலில் ஓட்டெடுப்பு நடத்திய பிறகு. அத்தனை ஆண்டும் கேள்விக்கு மேல் கேள்வி அடுக்கிய நாடு சவூதியும் அல்ல, சீனாவும் அல்ல. இந்தியா. கூடலூரில் பட்டாவுக்கு அலைந்து பழகியவர்களுக்கு இந்த உத்தியை நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

கவுன்சிலின் தலைவர் பதவி இவற்றுக்கு நடுவில் எங்கேயோ நிற்கிறது. ஓராண்டுப் பதவி, வட்டார வாரியாகச் சுற்றி வரும். பழைய ஆணையத்தில் 2003 ஜனவரி 20-ல் கடாஃபியின் லிபியா தலைமைக்கு வந்தது நினைவிருக்கலாம். ஆப்பிரிக்காவின் முறை அது. வழக்கம்போல் கைதட்டித் தேர்ந்தெடுத்திருப்பார்கள். அமெரிக்கா ஓட்டெடுப்பு கேட்டதால்தான் கணக்கு வெளியே வந்தது: 33 ஆதரவு, 3 எதிர்ப்பு, 17 நடுநிலை. மூன்றே மூன்று! அந்தப் பதினேழைப் பாருங்கள் என்பதுதான் நாங்கள் சொல்ல வருவது. கவுன்சில் வந்த பிறகு 2021 ஜனவரியில் தலைமைக்கு ஃபிஜி, பஹ்ரைன், உஸ்பெகிஸ்தான் மூன்றும் போட்டியிட்டன. ரகசிய ஓட்டில் ஃபிஜிக்கு 29, பஹ்ரைனுக்கு 14, உஸ்பெகிஸ்தானுக்கு 4. எதிர்த்து நிற்க ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது ஒரு மாதிரி.

அதே கதைதான் உறுப்பினர் தேர்தலிலும். 47 இடங்களில் ஆப்பிரிக்காவுக்கு 13, ஆசியா - பசிபிக்குக்கு 13, லத்தீன் அமெரிக்கா - கரீபியனுக்கு 8, மேற்கு ஐரோப்பாவும் அதன் கூட்டாளிகளுமான வட்டாரத்துக்கு 7, கிழக்கு ஐரோப்பாவுக்கு 6. மூன்று ஆண்டுப் பதவி. தொடர்ந்து இரண்டு தடவைக்கு மேல் இருக்க முடியாது. இடைவெளி விட்டு மறுபடி வரலாம். பொதுச் சபையின் 193 நாடுகளும் ரகசியமாக ஓட்டுப் போடுகின்றன. ஜெயிக்க 97 ஓட்டு வேண்டும். வேட்பாளர் ஒவ்வொருவரும் ‘இன்னின்ன செய்வேன்’ என்று எழுத்தில் உறுதிமொழி கொடுப்பது வழக்கம். தாளில் படித்தால் குறை சொல்ல முடியாத ஏற்பாடு.

நடப்பது என்னவென்றால், வட்டாரத்துக்கு நான்கு இடம் காலி என்றால் நான்கே பேர் நிற்கும்படி முன்கூட்டியே பேசி முடித்துவிடுகிறார்கள். ‘இந்தத் தடவை நீ, அடுத்த தடவை நான், இதில் விட்டுக்கொடு, அந்தக் குழுவில் உனக்கு ஓட்டு’ என்பதுதான் பேச்சு. நம்மூர் கூட்டுறவுச் சங்கத்திலும் ஊராட்சியிலும் இதற்கு அருமையான தமிழ்ச் சொல் ஏற்கெனவே இருக்கிறது: அன்னபோஸ்ட், அதாவது போட்டியின்றித் தேர்வு. ஓட்டுச்சீட்டு அடித்தாயிற்று, பெட்டி வைத்தாயிற்று, எண்ணவும் எண்ணுகிறார்கள். தோற்க மட்டும் ஆள் இல்லை.

எண்களை வைத்தே பார்க்கலாம். 2016-ல் ஆசிய வட்டாரத்தின் நான்கு இடத்துக்கு நான்கு பேர். சவூதிக்கு 152 ஓட்டு, சீனாவுக்கு 180. 2020-ல் அதே நான்கு இடத்துக்கு ஐந்து பேர் நின்றார்கள். நேபாளம் 150 வாங்கியது. சீனா 139-க்கு இறங்கித் தப்பியது. சவூதி 90-ல் தோற்றது. 2024-ல் ஐந்து இடத்துக்கு ஆறு பேர். சவூதிக்கு 117, கடைசி இடத்தைப் பிடித்த மார்ஷல் தீவுகளுக்கு 124. ஊட்டி நகரத்தில் பாதி அளவு ஜனம்கூட இல்லாத நாடு அது! ரஷ்யா 2016-ல் இரண்டு இடத்துக்கு மூன்று பேர் நின்றபோது 112 வாங்கி, 114 வாங்கிய குரோஷியாவிடம் தோற்றது. 2020-ல் இரண்டுக்கு இரண்டு. 158 ஓட்டு, உள்ளே. 2023-ல் மறுபடி இரண்டுக்கு மூன்று; 83 ஓட்டு, வெளியே. 2023-க்கு உக்ரைன் போர் காரணம் என்பீர்கள், சரி. 2016-க்கும் 2020-க்கும் இடையில் மாஸ்கோ திருந்திவிடவில்லையே.

இலங்கையையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 2008 மே 21-ல், வன்னியில் போர் நடந்துகொண்டிருந்தபோது, ஆசியாவின் நான்கு இடத்துக்கு ஆறு பேர் நின்றார்கள். இலங்கைக்கு 101 ஓட்டு. 114 வாங்கிய பாகிஸ்தானுக்குக் கீழே நின்று தோற்றது. நான்கே பேர் நின்றிருந்தால் அந்த 101 தாராளமாகப் போதும்.

போட்டி இருந்தால் மட்டும் போதாது, நேரத்தோடு வர வேண்டும். 2019-ல் வெனிசுவேலா உள்ளே வந்துவிடும் என்று தெரிந்து கோஸ்டாரிகா களத்தில் குதித்தபோது தேர்தலுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. வெனிசுவேலா 105, கோஸ்டாரிகா 96. ஓட்டுப் பேரம் எல்லாம் மாதக்கணக்கில் முன்பே முடிந்துவிடும். கடைசி நேரத்தில் வருபவருக்குக் கொடுக்க யார் கையிலும் ஓட்டு மிச்சம் இருக்காது. ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் அந்த ஒன்பது ஓட்டு வித்தியாசம் இருந்திருக்குமா என்பது எங்களுக்குச் சந்தேகம்தான்.

‘தகுதியை இறுக்கினால் சரியாகிவிடும்’ என்பவர்களுக்கு ஒன்று. மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும் என்றுதான் 2005-ல் கோஃபி அன்னான் யோசனை சொன்னார். 2006 மார்ச் 15-ல் 60/251 தீர்மானம் நிறைவேறியபோது அது வெறும் பெரும்பான்மையாகச் சுருங்கியிருந்தது. அந்த யோசனை அப்படியே நின்றிருந்தாலும் 158 வாங்கிய ரஷ்யாவும் 152 வாங்கிய சவூதியும் தப்பியிருக்கும். ஓட்டின் உயரத்தைக் கூட்டுவதால் பயனில்லை. ஆள் கூட வேண்டும். உள்ளே வந்தவரை நீக்குவதற்கும் அதே தீர்மானத்தில் வழி உண்டு: ஓட்டுப் போடுபவர்களில் மூன்றில் இரண்டு பங்கு. இதுவரை இரண்டே முறைதான் நடந்திருக்கிறது. 2010-ல் அன்னபோஸ்ட்டாக 155 ஓட்டு வாங்கி வந்த லிபியாவை 2011 மார்ச் 1-ல் நிறுத்திவைத்தார்கள். 2022 ஏப்ரல் 7-ல் ரஷ்யாவை 93-க்கு 24 என்று நிறுத்தினார்கள். 58 பேர் நடுநிலை. தெருவில் ரத்தம் ஓடி, அது உலகத் தொலைக்காட்சியில் வந்தால்தான் இந்த விதி எழுந்து நிற்கும். சிறையில் நிதானமாக நடப்பதற்கெல்லாம் எழாது.

அன்னபோஸ்ட் முறைக்குச் சர்வாதிகாரிகள் மட்டும் காரணம் என்று நினைத்தால் தவறு. மேற்கு ஐரோப்பிய வட்டாரம் மனித உரிமை பற்றி மற்றவர்களுக்கு வகுப்பெடுக்கும் வட்டாரம். அதுவே 2024-ல் மூன்று இடத்துக்கு மூன்றே பேரை நிறுத்தியது: ஐஸ்லாந்து, ஸ்பெயின், சுவிட்சர்லாந்து. தங்களுக்குள் போட்டி வேண்டாம் என்பவர்கள் ஆப்பிரிக்காவிடம் போட்டி வையுங்கள் என்று எந்த முகத்தோடு சொல்வார்கள்? 2025 அக்டோபர் 14-ல் நடந்த தேர்தலில் ஐந்து வட்டாரத்திலும் சேர்த்து 14 இடம், 14 வேட்பாளர். எகிப்து, வியட்நாம், இராக், பாகிஸ்தான் எல்லாம் வந்தார்கள். இந்தியாவும் ஏழாவது முறையாக வந்தது. நம் பத்திரிகைகள் ‘போட்டியின்றித் தேர்வு’ என்று பெருமையாகத் தலைப்புப் போட்டன. அந்தப் பெருமையில் கெய்ரோவுக்கும் ஹனோய்க்கும் பங்கு உண்டு என்பதை எழுத மறந்துவிட்டன.

இனி, நாற்காலியே எல்லாம் அல்ல என்பதற்கு வருவோம். 2008-ல் தோற்ற இலங்கை, 2009 மே 26, 27-ல் நடந்த சிறப்புக் கூட்டத்தின்போது கவுன்சிலில் உறுப்பினரே அல்ல. முள்ளிவாய்க்கால் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. கூட்டத்தைக் கேட்டது ஜெர்மனி தலைமையிலான நாடுகள். ஆனால் நிறைவேறியது இலங்கை அரசே எழுதிக் கொண்டுவந்த தீர்மானம். போர் முடிந்ததை வரவேற்று, இறையாண்மையை வலியுறுத்தியது. 29 ஆதரவு, 12 எதிர்ப்பு, 6 நடுநிலை. இந்தியா அந்த 29-ல் ஒன்று. 2020-ல் தோற்ற சவூதியும் 2021-ல் வெளியேதான் இருந்தது. ஆனாலும் ஏமனில் நடந்த போர்க் குற்றங்களை விசாரித்த நிபுணர் குழுவின் ஆயுளை நீட்டிக்கும் தீர்மானம் அந்த ஆண்டு அக்டோபர் 7-ல் 18-க்கு 21 என்று தோற்றது. கவுன்சிலின் வரலாற்றில் ஓட்டெடுப்பில் தோற்ற முதல் தீர்மானம் அது. எதிர்த்த 21-ல் இந்தியா உண்டு. பூனை வாசலுக்கு வெளியே உட்கார்ந்திருந்தது. பால் உள்ளேயே காலியானது.

அந்த அரங்கைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். ஜெனீவாவில் 20-ஆம் எண் அறை. கூரை முழுக்கக் குகைக்குள் சொட்டி உறைந்ததுபோல் வண்ண வண்ணக் கூம்புகள். ஓட்டெடுப்பு அறிவித்ததும் திரையில் 47 பெயர்கள் வரும். ஆதரவுக்குப் பச்சை, எதிர்ப்புக்குச் சிவப்பு, நடுநிலைக்கு மஞ்சள். பெயர்களின் நிறம் சில விநாடிகள் மாறிக்கொண்டே இருக்கும், பிறகு உறைந்துவிடும். நடுநிலை கணக்கில் சேராது, பச்சையா சிவப்பா எது அதிகம் என்பது மட்டும்தான். ஷின்ஜியாங் ஓட்டெடுப்பில் பச்சை 17, சிவப்பு 19, மஞ்சள் 11. மஞ்சளில் மூன்று பேர் பச்சைக்குப் போயிருந்தால் விவாதம் நடந்திருக்கும். மஞ்சளில் இருந்தவை உக்ரைன், பிரேசில், மெக்ஸிகோ, இந்தியா முதலியவை. இவற்றில் எதையும் நாம் அடக்குமுறை அரசு என்று எழுதுவதில்லை.

இலங்கை பற்றிய தீர்மானங்களில் இந்திய விளக்கு எப்படி எரிந்தது என்று பாருங்கள். 2009-ல் இலங்கைக்காகப் பச்சை. 2012 மார்ச்சில் இலங்கைக்கு எதிரான தீர்மானத்துக்குப் பச்சை (24 ஆதரவு - 15 எதிர்ப்பு - 8 நடுநிலை). 2013-லும் பச்சை (25 - 13 - 9). 2014-ல் மஞ்சள் (23 - 12 - 12). 2021-ல் மஞ்சள் (22 - 11 - 14). 2022-ல் மஞ்சள் (20 - 7 - 20). பச்சையான இரண்டு ஆண்டுகளும் தமிழ்நாடு கொதித்த ஆண்டுகள். 2013 மார்ச்சில் மாணவர்கள் தெருவில் இருந்தார்கள். 19-ஆம் தேதி தி.மு.க. மத்திய அரசிலிருந்து விலகியது. 21-ஆம் தேதி ஓட்டெடுப்பு. டெல்லியின் வெளியுறவுக் கொள்கை மலையைப்போல் அசையாது என்பவர்கள் அந்த மூன்று நாளைப் பார்க்க வேண்டும்.

ஒரு பழைய கணக்கும் உண்டு. இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1948 நவம்பர் 15-ல். மலையகத் தமிழர் லட்சக்கணக்கில் நாடற்றவர்களானார்கள். ‘ஒவ்வொருவருக்கும் ஒரு குடியுரிமை உண்டு’ என்று 15-ஆவது பிரிவில் சொல்லும் உலக மனித உரிமைப் பிரகடனம் வந்தது அதே ஆண்டு டிசம்பர் 10-ல், ஒரு மாதம்கூட ஆகவில்லை. அப்போது யாராவது ஆணையத்துக்கு மனு எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ‘தனிப்பட்ட புகார்கள் மீது நடவடிக்கை எடுக்க ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை’ என்ற நிலைப்பாட்டை 1947 ஆகஸ்டிலேயே ஐ.நா. பொருளாதார, சமூக கவுன்சில் ஒப்புக்கொண்டிருந்தது. அந்த விதி தளர இருபது ஆண்டு ஆனது. ரகசியமாகப் புகார்களைப் பரிசீலிக்கும் முறை வந்தது 1970-ல். அதற்குள் ஒப்பந்தம் போட்டு, கப்பலேற்றத் தொடங்கிவிட்டார்கள். அந்த விதியை எழுதியபோது லிபியாவோ ஈரானோ தலைமையில் இல்லை. தங்கள் காலனிகளைப் பற்றியும், தங்கள் ஊர் நிறவெறியைப் பற்றியும் மனு வந்துவிடுமோ என்று பயந்த வல்லரசுகள்தான் இருந்தன.

சரி, நீலகிரியில் உட்கார்ந்து என்ன செய்ய முடியும்? கொஞ்சம் முடியும்.

பொதுச் சபையில் யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பயனில்லை. ரகசிய ஓட்டு, 8(1)(அ) பிரிவைக் காட்டி, வெளிநாட்டு உறவு கெடும் என்று மறுத்துவிடுவார்கள். ‘ஏன் நடுநிலை வகித்தீர்கள்?’ என்றும் கேட்கக் கூடாது. கோப்பில் இருக்கும் தகவலைத்தான் கேட்க முடியும், காரணத்தை அல்ல. பெரும்பாலான மனுக்கள் இந்த ஒரு சொல்லில்தான் அடிபடுகின்றன. கேட்க வேண்டியது ஆவணம்: கவுன்சில் தேர்தலுக்காக இந்தியா கொடுத்த உறுதிமொழிகளின் நகல், அவற்றை நிறைவேற்ற எந்தெந்த அமைச்சகத்துக்கு எந்தத் தேதியில் கடிதம் போனது என்ற விவரம். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். பதில் வராவிட்டாலோ மழுப்பலாக வந்தாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பின் 90 நாளுக்குள் இரண்டாவது. உதாரணத்துக்கு, சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திட்டது 1997 அக்டோபர் 14-ல். இன்றுவரை அதை ஏற்புறுதி செய்யவில்லை. 2010-ல் மக்களவை நிறைவேற்றிய மசோதா மாநிலங்களவையில் தேர்வுக் குழுவுக்குப் போய்க் காலாவதியானது. 2017-ல் சட்ட ஆணையம் தன் 273-ஆவது அறிக்கையில் ஏற்கச் சொன்னது. 2020-ல் சாத்தான்குளம் நடந்தது. இந்த வரிசையில் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு கோப்பு இருக்கிறது.

இன்னொரு வழி, ஒவ்வொரு நாட்டையும் ஏறக்குறைய நாலரை ஆண்டுக்கு ஒரு முறை கவுன்சில் விசாரிக்கும் காலமுறை ஆய்வு. இந்தியாவின் முறை 2008, 2012, 2017, 2022-ல் வந்து போனது. இதற்குத் தொண்டு நிறுவனங்களும் சங்கங்களும் அறிக்கை அனுப்பலாம். ஆலோசனைத் தகுதி தேவையில்லை என்பது இதன் பெரிய லாபம். தனியாக அனுப்பினால் 2,815 சொல், சிலர் சேர்ந்து அனுப்பினால் 5,630. ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் இவற்றில் ஒன்றில் அனுப்புவதே நல்லது. தமிழில் எழுதி அனுப்பினால் படிக்கமாட்டார்கள். கெடுவாக ஆய்வுக்கு மாதக்கணக்கில் முன்பே தேதி போட்டுவிடுவார்கள். எங்கே தவறுகிறது என்றால், முதல் 800 சொல் அமைப்பின் வரலாற்றிலேயே போய்விடும். பத்திரிகைச் செய்தியை அப்படியே ஒட்டுவார்கள். ‘தோட்டத் தொழிலாளர் துன்பப்படுகிறார்கள்’ என்று இருக்கும், எந்த டிவிஷன், எந்தத் தேதி, ஓய்வு பெற்று எத்தனை நாளில் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள் என்பது இருக்காது. எடைக்காரர் முன்னால் நின்று ‘எப்பவும் குறைக்கிறீங்க’ என்று சொன்னால் யாரும் அசையமாட்டார்கள். ‘செவ்வாய்க்கிழமை ரெண்டாம் எடை, 19 கிலோவில் 2 கிலோ தண்ணீர்க் கழிவு, அன்னைக்கு மழையே இல்லை’ என்றால் கணக்குப்பிள்ளை துண்டுச் சீட்டைப் புரட்டியாக வேண்டும். அறிக்கையும் அப்படித்தான்.

அறிக்கை அனுப்பியதோடு வேலை முடியாது. அரங்கில் பரிந்துரை சொல்லும் உரிமை அரசுகளுக்கு மட்டுமே. மொத்தம் மூன்றரை மணி நேரம். அதில் 70 நிமிடம் ஆய்வுக்குள்ளாகும் நாட்டுக்கு, 140 நிமிடம் மற்றவர்களுக்கு. நூறு நாடுகள் பேர் கொடுத்தால் ஆளுக்கு 84 விநாடி. நண்பர்கள் வந்து ‘பாராட்டுகிறோம், வரவேற்கிறோம்’ என்று அந்த விநாடிகளை நிரப்பிவிட்டுப் போவது அடக்குமுறை அரசுகளின் பழைய உத்தி. எனவே இரண்டு கேள்வியும் ஒரு பரிந்துரையும் மட்டும் கொண்ட ஒரு பக்கத் தாளை, டெல்லியில் உள்ள பத்துப் பன்னிரண்டு தூதரகங்களுக்கு ஆய்வுக்கு இரண்டு மாதம் முன்பே அனுப்ப வேண்டும். 84 விநாடியில் வாசிக்கக்கூடிய அளவுக்கு அந்தப் பரிந்துரை சுருக்கமாக இருக்க வேண்டும். புகார் கொடுப்பவர்களின் பெயரைப் பொதுவில் போடுவதற்கு முன் அவர்களிடம் சம்மதம் வாங்குங்கள். ஐ.நா.வுடன் பேசியதற்காக ஆட்களைப் பழிவாங்கிய நாடுகள் என்று 2018-ல் பொதுச் செயலர் 38 நாடுகளைப் பட்டியலிட்டார். அதில் நம் பெயரும் உண்டு.

நாடாளுமன்ற உறுப்பினர் வழியாகக் கேட்பதும் நல்லதே. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதால் கவுன்சில் ஓட்டெடுப்பு முடிந்த பிறகு ஓடுவதில் பொருள் இல்லை.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கவுன்சில் தேர்தலுக்கு முன்பு, செப்டம்பரிலேயே, ஒரு சிறிய பெட்டிச் செய்தி போடுங்கள். நான்கு பத்தி கொண்ட அட்டவணை போதும்: வட்டாரம், காலி இடம், வேட்பாளர் எண்ணிக்கை, பெயர்கள். இரண்டாவது பத்தியும் மூன்றாவது பத்தியும் ஒரே எண்ணாக இருக்கும் வரிகளைத் தடித்த எழுத்தில் அச்சிடுங்கள். இந்தியா இருக்கும் வரியானாலும் சரி.

இப்படிக்கு,
தோட்டத் தொழிலாளர் சட்ட உதவிப் பணியில் இருப்போர்,
கூடலூர், நீலகிரி மாவட்டம்.